சயனைடு மோகன் வழக்கு: ஒன்றையொன்று பார்க்காத இரண்டு பதிவேடுகள்

2025 டிசம்பரில் 'களங்காவல்' வந்தபோது சித்தியையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் போய்ப் பார்த்தேன். சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். மம்மூட்டி படம் என்றால் மூட்டுவலியை மறந்து கிளம்பிவிடுவாள். இதில் அவர்தான் கொலைகாரன், விநாயகன்தான் போலீஸ் என்பதை நான் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். இடைவேளையில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே என் பக்கம் திரும்பினாள். "இந்த வயசுல அவருக்கு இது வேணுமா மக்களே?" என்றாள்.

ஜிதின் கே. ஜோஸ் இயக்கிய அந்தப் படத்தின் வேர் கர்நாடகத்தில், தென் கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. 'சயனைடு மோகன்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த மோகன் குமாரின் வழக்கு அது. படம் அதை நம் தமிழ்நாடு-கேரள எல்லையோரத்துக்குத் தூக்கி வந்துவிட்டது. தியேட்டரைவிட்டு வெளியே வரும்போது எங்களுக்கு முன்னால் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டு போனார்கள். "இதெல்லாம் சினிமாவுல நடக்கும். நெசத்துல ரெண்டாவது கொலையிலயே மாட்டியிருப்பான்" என்றான் ஒருவன்.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் அவன் இரண்டாவதில் மாட்டவில்லை, பத்தாவதிலும் மாட்டவில்லை. ஆறு வருடம், இருபது பெண்கள். எல்லாரையும் கொன்ற விதம் ஒன்றுதான். பல தடவை பேருந்து நிலையம்கூட ஒன்றுதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வக்கீல் தொழில் செய்கிறவன். காணாமல் போனவர்களுக்காக மனு எழுதி எழுதி அந்த வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். அந்தப் பழக்கத்தோடு இந்த வழக்கைப் பார்த்தால், மோகன் குமாரின் மூளையைவிட அவனுக்கு அதிகம் உதவியது வேறொன்று என்று படுகிறது. செத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு இடத்தில் காகிதம் இருந்திருக்க வேண்டும். அவள் கிளம்பிய ஊர் ஸ்டேஷனில் 'பெண் காணவில்லை', அவள் விழுந்து கிடந்த ஊர் ஸ்டேஷனில் 'அடையாளம் தெரியாத பெண் பிரேதம்'. பல பேருக்கு முதல் காகிதமே எழுதப்படவில்லை. எழுதப்பட்டவர்களுக்கும் அந்த இரண்டு காகிதமும் ஒரு மேஜையில் சேர்ந்து கிடந்ததே இல்லை.

அவன் செய்தது

மோகன் குமார் பண்ட்வால் தாலுகாவில் கன்யானா என்ற கிராமத்தைச் சேர்ந்தவன். 1963இல் பிறந்தவன். தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவன். ஒன்றுக்கு மேற்பட்ட கல்யாணம் செய்து குடும்பமும் நடத்திக்கொண்டிருந்தவன். வாத்தியார் என்பதால் பேச்சில் ஒரு நிதானம் இருந்திருக்கும். ஊர் வாத்தியாரை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை, அங்கேயும் இங்கேயும்.

அவன் தேர்ந்தெடுத்த பெண்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், சிலர் முப்பதைத் தொட்டவர்கள். பீடி சுற்றுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி பெண்கள் விடுதியில் சமையல் செய்தவள். சீதனம் கொடுக்க வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போன வீடுகள். பஸ் ஸ்டாப்பிலோ வேறு பொது இடத்திலோ பேச்சுக் கொடுப்பான். அரசு உத்தியோகம் என்பான். அந்தப் பெண்ணின் சாதிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பொய்ப் பெயர் சொல்லிக்கொள்வான். அதன்பிறகு அவளை விழவைத்தது ஒரே ஒரு வாக்கியம்: எனக்குச் சீதனம் வேண்டாம்.

சில சந்திப்புகளுக்குப் பிறகு, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போவான். வீட்டில் இருக்கிற நல்ல சேலையையும் நகையையும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்புவாள். மைசூரு, பெங்களூரு, மடிகேரி, ஹாசன் மாதிரியான ஊர்களில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ். இரவு தங்கல். காலையில், நகை எல்லாம் ரூமிலேயே இருக்கட்டும், கூட்டத்தில் பயம் என்று சொல்லிக் கழற்றவைத்துப் பேருந்து நிலையத்துக்கு அழைத்து வருவான். கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை என்று ஒன்றைக் கையில் கொடுப்பான். சாப்பிட்டால் சிறுநீர் வரும், வாந்தி வரும், அதனால் கழிப்பறைக்குள் போய்ச் சாப்பிடு என்பான். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். இவன் லாட்ஜுக்குத் திரும்பி நகையையும் போனையும் எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்வான்.

சயனைடு உடம்புக்குள் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் திசுக்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கதவைத் தட்டுவதற்குக்கூட அவகாசம் இருந்திருக்காது.

இந்த ஏற்பாட்டில் குரூரமான சாமர்த்தியம் எது என்று கேட்டால் நான் தாழ்ப்பாளைத்தான் சொல்வேன். அதை அவளே போட்டுக்கொண்டாள். உள்ளே தாழிட்ட அறை, உடம்பில் காயமில்லை, பக்கத்தில் யாருமில்லை. பார்க்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் தோன்றுவது தற்கொலைதான்.

174 கட்டு

சந்தேகத்துக்கிடமான சாவு என்றால் போலீஸ் போடுவது குற்ற வழக்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் அது 194 ஆகிவிட்டது. கோர்ட்டு வராந்தாவில் இன்னும் '174' என்றுதான் பேச்சு.

அப்படி ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே தகவல் கொடுத்தவரின் வாக்குமூலம். பேருந்து நிலையம் என்றால் பெரும்பாலும் கழிப்பறையில் காசு வாங்குகிறவர். அப்புறம் முதல் தகவல் அறிக்கை, பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்ட பிரேத விசாரணை அறிக்கை, இடத்தின் வரைபடம். பிரேத பரிசோதனையில் டாக்டர் உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார். நம் பக்கமென்றால் அது திருநெல்வேலி ஆய்வகத்துக்குப் போகும். அந்த அறிக்கை வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் யாரும் உடலைக் கேட்டு வராவிட்டால் அரசுச் செலவில் அடக்கம் முடிந்திருக்கும். கட்டின் நடுவில் ஒரு போட்டோ, அதன் கீழே 'வயது சுமார் 25 முதல் 30, மாநிறம், இடது கன்னத்தில் மச்சம்' என்ற மாதிரி நாலு வரி. கடைசித் தாளில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது.

அந்த வாக்கியத்தை எழுதுகிற எழுத்தர் கெட்டவர் இல்லை. அவர் மேஜையில் அந்த மாதம் இன்னும் ஏழெட்டுக் கட்டு இருக்கும். பெயர் தெரியாத பெண்ணுக்காகக் கேட்டு வர ஆளும் இல்லை. ஆனால் மைசூருவில் ஒரே பேருந்து நிலையத்தில் இப்படி ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று வந்தபோதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே மூடப்பட்டது. இரண்டாவது கட்டை எழுதியவர் முதல் கட்டைப் படித்திருக்கவே இல்லை. ஆள் மாற்றலாகிப் போயிருக்கலாம், வேறு ஷிப்டாக இருந்திருக்கலாம். ஊர் மாறியபோது கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெண்களை நல்ல சேலை உடுத்திய நிலையில், நகை எதுவும் இல்லாமல் கண்டெடுத்தார்கள் என்று நான் சொன்னபோது சித்தி உடனே கேட்டாள்: "பட்டு உடுத்தவ காதுல ஒண்ணுமில்லாம வெளிய எறங்குவாளா? கவரிங் கம்மலாவது போட மாட்டாளா?"

இத்தனை வருடத்தில் இந்த வழக்கைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரு பெண் அந்தக் கழிப்பறை வாசலில் நின்று கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்தாரில் இருந்திருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கலாம். நம்மூரில் நான் பார்த்த பிரேத விசாரணைகளில் பஞ்சாயத்தார் என்று அந்த நேரத்தில் கிடைக்கிறவர்கள் டீக்கடை ஆண்கள், ஆட்டோ ஸ்டாண்ட் ஆண்கள்.

வீட்டில் ஏன் வாய் திறக்கவில்லை

இது ஒரு பக்கம். மறுபக்கம் பெண்ணைப் பெற்ற வீடு.

தென் கன்னடத்தை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீடுகள் எனக்குத் தெரியாதவை என்று சொல்ல மாட்டேன். அங்கே பீடி என்றால் இங்கே முந்திரி. சித்தி வேலை பார்த்த காலத்தில் தோட்டெண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெந்துபோயிருக்கும். சாம்பலில் புரட்டிப் புரட்டி உடைப்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முந்தின நாள் எலுமிச்சங்காய் தேய்த்து அந்தக் கறுப்பைப் போக்கப் பார்ப்பார்களாம். போகாது. வந்தவர்கள் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதற்கப்புறம் ஒரே கேள்வி: "எத்தனை பவன்?"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். சரி. சீதனம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று சொல்லும் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. அதுவும் சரி. ஆனாலும் பவன் கணக்கு நிற்கவில்லை. படித்த மாப்பிள்ளைக்குக் கணக்கு ஏறத்தான் செய்தது. எங்கள் தெருவில் நாற்பது வயதிலும் 'இந்த வருசம் எப்படியும் முடிச்சிரணும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டு வாசலில் ஒருவன் வந்து, எனக்கு ஒன்றும் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? சாமி அனுப்பிவைத்தது என்றுதான் நினைப்பார்கள்.

அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போன பிறகு நடப்பதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் ரகசியம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பிறகு தங்கைக்கு வரன் பார்க்கிற பேச்சு வரும். இவள் ஓடிப்போனது வெளியே தெரிந்தால் தங்கையின் கதி என்ன? அப்பா வாயை மூடச் சொல்வார். ஒரு மாதம் கழித்து யாராவது கேட்டால், வெளியூரில் கட்டிக்கொடுத்தாச்சு என்று ஒரு பதில் தயாராக இருக்கும். மோகன் குமாரின் வழக்கிலும் பல வீடுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தன. மகள் யாரையோ கட்டிக்கொண்டு எங்கேயோ நன்றாக இருக்கிறாள், கோபம் தணிந்தால் ஒருநாள் பிள்ளையோடு வருவாள் என்று. அந்த நம்பிக்கையை ஓரளவு அவனேதான் விதைத்தான். தான் கல்யாணத்துக்குப் போவதாக அந்தப் பெண்களே நம்பினார்கள் இல்லையா?

நம்மூர் ஸ்டேஷன் ஒன்றில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த இருபத்துநாலு வயது மகளைக் காணவில்லை என்று ஒரு அம்மா போயிருக்கிறார். "யாருகூடயாவது போயிருக்கும். ரெண்டு நாள் பாரும்மா, போன் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். புகார் வந்தது என்று கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கொடுக்கவில்லை. ஐந்தாவது நாள் என்னிடம் வந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் ஸ்டேஷன் அசைந்தது. பெண் திருப்பூரில் கிடைத்தாள். தோழியோடு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நன்றாகவே இருந்தாள். அந்த ஏட்டையா என்னை வராந்தாவில் பார்த்து, "நான் சொன்னேன்லா சாரே" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. காணாமல் போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள், அல்லது தங்கள் இஷ்டப்படி எங்கேயோ வாழ்கிறார்கள். அந்தப் பெரும்பான்மைதான் போலீஸுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. அந்தப் பெரும்பான்மைக்குள்தான் மோகன் குமாரும் ஆறு வருடம் ஒளிந்திருந்தான்.

சட்டமும் இதில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை காணாமல் போனால் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. பதினெட்டு தாண்டியவளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவள் விருப்பப்பட்டுப் போக உரிமை உள்ளவள். உரிமை என்பது சரிதான். ஆனால் அந்த உரிமையைக் காரணம் காட்டித் தேடாமல் விடுவது வசதியாகவும் இருக்கிறது.

உடைந்த இடம்

2009 ஜூனில் பண்ட்வால் பக்கம் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி காணாமல் போனாள். இந்த முறை வீடு மட்டும் தேடவில்லை, அவளுடைய சமூகத்தினர் திரண்டு ஸ்டேஷன் முன்னால் நின்றார்கள். வேறு மதத்து ஆள் ஒருவன் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று வதந்தி பரவியிருந்தது. ஊர் பற்றிக்கொள்ளும் நிலைமை. எப்படியும் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று போலீஸ் வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த இடம்தான் எனக்குச் சங்கடமானது. கூட்டம் கூடிய காரணம் முழுப் பொய். அந்தப் பொய் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் சாவும் மற்றவர்களுடையதைப் போலவே மூடப்பட்டிருக்கும். எந்த வழக்கையும் துலக்கியது போலீஸின் திறமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான். அதற்கு முந்தின பெண்களுக்காகக் கூட்டம் கூடியிருக்கவில்லை.

ஆனால் தேட ஆரம்பித்த பிறகு அந்த அதிகாரிகள் நன்றாகத்தான் தேடினார்கள். பெண்ணின் போன் அழைப்பு விவரங்களை எடுத்தார்கள். அவள் அடிக்கடி பேசிய எண் யாருடையது என்று போனால், அதுவும் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. அந்தப் பெண்ணும் காணவில்லை. அவளுடைய அழைப்புகளை எடுத்தால் இன்னொரு எண், இன்னொரு காணாமல் போன பெண். ஒருத்தியின் போனிலிருந்து அடுத்தவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு கவனமாக இருந்தவன் அந்த ஒன்றில் கஞ்சத்தனம் பார்த்துவிட்டான். புது சிம் வாங்குகிற காசை மிச்சம் பிடித்தான் என்று நினைத்தால் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடைசியில் மங்களூரு அருகே தேரளகட்டையில் ஒரு போன் உயிரோடு இருந்தது. வைத்திருந்தவன் ஒரு பையன். மாமா கொடுத்தார் என்றான். அந்த மாமா, மோகன் குமார், 2009 அக்டோபரில் கைதானான். நாடு முழுவதும் உள்ள போலீஸ் நிலையங்களைக் கணினியில் இணைக்கிற சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் அதே 2009இல்தான்.

நிரூபித்தது எப்படி

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. அதைத் தொடர்ந்து கைப்பற்றிய பொருள் நிற்கும். எனவே அவன் சொன்னதை வைத்து அடகுக் கடைகளையும் வீட்டையும் தேடி நகைகளை எடுக்க வேண்டியிருந்தது. மூடிவைத்த 174 கட்டுகளைத் தூசி தட்டி, அந்தப் போட்டோக்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் அப்பா அம்மாவிடம் காட்ட வேண்டியிருந்தது. ஊரில் மகள் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு, பல வருடத்துக்கு முந்தைய பிணத்தின் படத்தோடு ஒரு போலீஸ்காரர் போய் நிற்பதை யோசித்துப் பாருங்கள். படம் எடுக்கிறவர்கள் ஏனோ அந்தக் காட்சியை விட்டுவிடுகிறார்கள். அதில் துரத்தல் இல்லை, அதனாலாக இருக்கலாம்.

விஷக் கொலை வழக்கில் ஒவ்வொரு வக்கீலும் முதலில் புரட்டுவது 1984இல் வந்த சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு இளம் மனைவி சயனைடால் இறந்த வழக்கு. அதில் கணவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து அளவுகோல்களை அந்தத் தீர்ப்புதான் வரிசைப்படுத்தியது. கூடவே விஷக் கொலை என்றால் நான்கு விஷயத்தை அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என்றது: கொல்லத் தெளிவான நோக்கம், விஷத்தால்தான் சாவு, குற்றவாளி கையில் அந்த விஷம் இருந்தது, கொடுக்க வாய்ப்பு இருந்தது.

மோகன் குமார் வழக்கை இந்த நான்கில் வைத்துப் பாருங்கள். நோக்கம் எளிது, அடகுக் கடையில் கிடந்தது. விஷம் கையில் இருந்ததைக் காட்ட, நகை வேலை செய்கிறவன் என்று சொல்லி ரசாயன வியாபாரியிடம் சயனைடு வாங்கிய தடம் இருந்தது. தங்க வேலையில் பொட்டாசியம் சயனைடு புழங்குவதால் அந்தப் பொய் எடுபட்டது. விஷத்தால் சாவு என்பதுதான் கஷ்டம். அடக்கம் செய்து வருடங்கள் ஆன உடல்களில் என்ன தேடுவது? அன்றைக்கே உள்ளுறுப்பு அனுப்பி அறிக்கை வாங்கி வைத்திருந்த ஒன்றிரண்டு கட்டுகள் எவ்வளவு பெரிய வேலை செய்தன என்பது அங்கேதான் தெரிகிறது. நாலாவதுக்கு, உயிர் தப்பிய ஒரு பெண் இருந்தாள். மற்றவர்களுக்குச் செய்ததையெல்லாம் தனக்கும் செய்தான் என்று அவள் கூண்டில் ஏறிச் சொன்னாள். அதுவரை அவளும் வெளியே சொல்லாமல்தான் இருந்தாள். ஏன் என்று மேலே எழுதிவிட்டேன்.

அவன் தன் வழக்கைத் தானே வாதாடினான். குறுக்கு விசாரணையும் செய்தான். 2013 டிசம்பரில் மங்களூரு நீதிமன்றம் மூன்று வழக்குகளில் மரண தண்டனை கொடுத்தது. 2009இல் ஊரைக் கொதிக்கவைத்த அந்தப் பெண்ணின் வழக்கில், 2017இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் சாகும்வரை சிறை என்று குறைத்தது. மீதி வழக்குகள் ஒவ்வொன்றாக நடந்து, இருபதாவதும் கடைசியுமான வழக்கில் 2020 ஜூனில்தான் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் கேரளத்தின் காசர்கோட்டைச் சேர்ந்தவள், விடுதியில் சமையல் செய்த அந்தப் பெண்தான். கிளம்பியது கேரளம், செத்துக் கிடந்தது பெங்களூரு.

எல்லை என்கிற வசதி

அந்தக் கடைசி வழக்கைப் படிக்கும்போது எனக்கு நம் கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு டீ, அந்தப் பக்கம் ஒரு சாயா. பஸ் நிற்காமல் போய்விடும், கோப்பு மட்டும் நின்றுவிடும்.

2022 அக்டோபரில் நடந்த கஷாய வழக்கை நம்மூரில் மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். கேரளப் பக்கத்துப் பாறசாலைப் பையனுக்குக் காதலி வீட்டில் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுக்கப்பட்டது. வீடு நம் மாவட்டத்தில், ராமவர்மன்சிறையில். பதினோரு நாள் கிடந்து அவன் இறந்தது திருவனந்தபுரம் மருத்துவமனையில். எந்த மாநிலப் போலீஸ் விசாரிப்பது என்று பேச்சு எழுந்தது. செயல் ஓரிடத்திலும் அதன் விளைவு வேறிடத்திலும் என்றால் இரண்டில் எங்கேயும் விசாரிக்கலாம் என்று பழைய சட்டத்தின் 179ஆவது பிரிவே சொல்கிறது. கேரளமே நடத்தி, 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

அந்த வழக்கு ஏன் சில வாரங்களில் துலங்கியது, இது ஏன் ஆறு வருடம் இழுத்தது? அந்தப் பையனுக்குப் பெயர் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் குடும்பம் இருந்தது, போனில் செய்திகள் இருந்தன, என் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று தெருவில் நின்று கேட்க அப்பா அம்மாவுக்குக் கூச்சம் இல்லை. இறந்தது ஆண்பிள்ளை என்பதும் அந்தக் கூச்சமின்மைக்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்று புதுச் சட்டத்தில் எழுத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத உடல்களையும் வீட்டிலிருந்தே தேடலாம். நான் தேடியிருக்கிறேன். ஒரு கட்சிக்காரருக்காக அந்தப் போட்டோக்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அடுத்த மாநிலத்து உடல் அதில் வராது. அதற்கு வேறு இடத்தில் தனியாகத் தேட வேண்டும். தவிர, தேடுவதற்கு முதலில் ஒருவர் 'காணவில்லை' என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டுமே.

படத்துக்குத் திரும்பினால், மம்மூட்டி நன்றாகச் செய்திருக்கிறார். சிகரெட்டும் அந்தச் சிரிப்பும் வீடு வரை கூட வந்தது. பழைய இளையராஜா காலத்து வாடையில் புதிதாகப் போட்ட தமிழ்ப் பாட்டுகளும் நன்றாகவே இருந்தன. படத்துக்கு இரண்டு பெரிய ஆம்பிளைகள் மோத வேண்டியிருக்கிறது, அது அதன் தேவை. நிஜ வழக்கில் அப்படி ஒரு போலீஸ்காரர் எதிரில் இல்லாமலே அவன் ஆறு வருடம் ஓட்டிவிட்டான் என்பதுதான் அந்தப் பையன்களிடம் நான் சொல்ல நினைத்தது. அதற்குள் அவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தின் கீழே போய்விட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது நிஜக் கதையைச் சித்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். தாழ்ப்பாள், மாத்திரை, போன், கோர்ட்டு எல்லாம். கறுப்பு இன்னும் முழுதாகப் போகாத விரலால் கழுத்துச் செயினைத் திருகிக்கொண்டே கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. குழித்துறைப் பாலம் தாண்டும்போது மட்டும் கேட்டாள்:

"அந்தப் பிள்ளையளுக்க நகையெல்லாம் தாய்தகப்பன் கைக்குத் திரும்பக் கெடச்சுதா?"

வழக்குச் சொத்து என்று கோர்ட்டில் இருக்கும், தீர்ப்புக்கு அப்புறம் மனுப் போட்டு வாங்க வேண்டும், மேல்முறையீடு இருந்தால் அதுவும் தள்ளிப்போகும் என்று விளக்க ஆரம்பித்தேன். சித்தி குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒவ்வொரு பவனும் எத்தனை கட்டு பீடியோ" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.